தராசு சொல்லாத சேதி: உண்பதைக் குறைக்காமல் உடலை வலுவாக்கல்

எம்மவர் இல்லங்கள் பலவற்றில் குளியலறை மூலையில் ஓர் எடைத்தராசு இருக்கிறது. காலையில் அதன்மீது முதலில் ஏறுபவர் தாயார். இரவுச் சோற்றை நிறுத்தி மூன்று வாரங்களாகியும் இலக்கம் இறங்கவில்லையே என்று பெருமூச்செறிந்து இறங்குவார். அடுத்து ஏறுபவர் பதினெட்டு வயது மகன். உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செல்பவர், 'உடம்பு வைக்க வேண்டும்' என்று நாளொன்றுக்கு ஐந்து வேளை உண்டு, அது போதாதென்று பெரிய பேணியில் விற்கும் மாவையும் பாலிற் கரைத்துக் குடிப்பவர். இலக்கம் ஏறவில்லையே என்பது அவரது கவலை. தந்தையார் தராசின் பக்கமே போவதில்லை. வேலைத்தலத்தில் எட்டு மணிநேரம் நிற்பவருக்கு வேறென்ன தேகப்பயிற்சி என்பது அவரது வாதம்.

ஒருவர் உணவைக் குறைக்கிறார், மற்றவர் கூட்டுகிறார். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. இருக்கும் நிறை அப்படியே இருக்கத்தக்க அளவு உண்டு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் பாரந்தூக்கித் தசைகளுக்கு வேலை கொடுப்பதே அது. அவ்வாறு செய்பவரின் தராசு மாதக்கணக்கில் அசையாதிருக்கக்கூடும். ஆனால் உடலின் உள்ளே கொழுப்புக் குறைந்து தசை கூடுகின்றது. தராசு இதைச் சொல்லாது என்பதாலேயே எம்மவர் பலர் இவ்வழியைப் பாதியில் கைவிடுகின்றனர்.

உண்பது கூடவுமில்லை, குறையவுமில்லை எனில் தசை எங்கிருந்து வரும் என்று வாசகர்கள் வினவக்கூடும். நாம் கலைப்பட்டதாரி, வகுப்பறையிற் கற்பித்ததும் வரலாறும் தமிழுமே. எனினும் இக்கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கைவிடக் கடினமானதன்று. உடலிற் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ தசையிலோ முக்காற்பங்கு வெறும் நீர். அதில் அடங்கிய சக்தி கொழுப்பிலுள்ளதன் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாது. ஆகவே தசையைக் கட்ட வேண்டிய மூலப்பொருளாகிய புரதம் உணவிலிருந்து வருமாயின், கட்டும் வேலைக்கான செலவை உடல் தன் கொழுப்புச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள இயலும். மாதச் சம்பளத்திற் குடும்பம் நடத்திக்கொண்டே, வங்கியிற் கிடந்த பழைய காசைக்கொண்டு வீட்டைத் திருத்துவது போன்றது இது. கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், முன்னர் பாரந்தூக்கிப் பழகாதவர்களுக்கும், விட்டுவிட்டு மீண்டும் தொடங்குபவர்களுக்கும் இம்மாற்றம் நன்கு நிகழும். எம்மவருள் நாற்பது வயதைத் தாண்டியோரிற் பெரும்பாலானோர் இம்மூன்றில் ஏதோவொன்றில் அடங்குவர்.

இதனை ஏன் இத்துணை அழுத்திக் கூறுகின்றோம்? அழகுக்காகவன்று. 2004ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே நகரத்து மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டன் ஆய்வாளர் ஜோன் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் படம். உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் உடல் திணிவுச் சுட்டெண் இருவருக்கும் 22.3. பழைய அளவுகோலின்படி இருவருமே சரியான நிறையுடையவர்கள். ஆனால் கருவியால் அளந்தபோது ஆங்கிலேயரின் உடலிற் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம். ஒரே நிறை, இரு வேறு உடல்கள். மெலிந்த கை கால், சற்றே முன்தள்ளிய வயிறு என்னும் தோற்றத்தை எம்மவர் கூட்டங்களிற் காணாதவர் யார்? அதைத் 'தொந்தி' என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம்.

சிரிக்கத்தக்க விடயமன்று அது. இங்கிலாந்தில் சுமார் 15 இலட்சம் பேரின் வைத்தியப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளையருக்குச் சுட்டெண் 30இல் ஏற்படும் நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9இலேயே ஏற்பட்டுவிடுகிறது என்று கண்டது. நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒஸ்லோ நகரிற் குடியேறியோரிடையே நடந்த சுகாதார ஆய்விலும், அங்கு வாழ்ந்த இலங்கையரிடையே நீரிழிவு நோர்வேஜியரைவிடத் தெளிவாக மிகுந்திருந்தது. அகதியாய் வந்திறங்கிய காலத்து இளைஞர்களே இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டியிருக்கின்றனர். ஊரில் எறிகணைக்குத் தப்பியவர் இங்கே மாரடைப்பில் விழுகிறார் என்ற சேதியை மரண அறிவித்தல் பக்கத்தில் வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

தசைக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு எம்மவர் பலருக்குத் தெரியாதது. உணவு உண்டபின் இரத்தத்திற் சேரும் சர்க்கரையை இன்சுலின் கொண்டுசென்று வைக்கும் மிகப்பெரிய களஞ்சியம் தசையே. களஞ்சியம் சிறிதாயின் சர்க்கரை வெளியே தேங்கும். உண்பதைக் குறைத்து மட்டும் நிறையைக் குறைப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். அவ்வாறு இழக்கும் நிறையில் ஏறக்குறையக் காற்பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருப்பதுண்டு. எமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் கஞ்சியும் பழமுமாய் ஆறு மாதமிருந்து ஏழு கிலோ குறைத்தார். கலியாண வீட்டில் எல்லோரும் பாராட்டினர். ஆனால் மூன்றாம் மாடிக்கு மரக்கறிப் பையுடன் ஏற முடியவில்லையென்று அதன்பின்னர்தான் அவர் முறையிடத் தொடங்கினார். மறு ஆண்டு நிறை திரும்பி வந்தது. திரும்பி வந்ததிற் பெரும்பகுதி கொழுப்பேயாகும். பாரந்தூக்காத உடலுக்குத் தசையைத் திருப்பிக் கட்ட வேண்டிய தேவையே இல்லை.

சரி, நன்றாக உண்டால் தசை வருமா? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த தள்ளாத முதியோர் 100 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 1994இல் வெளியானது. சிலருக்குப் பாரந்தூக்கும் பயிற்சி, சிலருக்குச் சத்துப்பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பத்து வாரங்களிற் பயிற்சி பெற்றோரின் தசை வலிமை இரு மடங்குக்கும் மேலாயிற்று. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமையில் எப்பயனும் விளையவில்லை. அதே குழுவினர் 1990இல் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பயிற்சி அளித்துக் கண்ட பலனும் இத்தகையதே. ஆகவே 'இந்த வயதில் எமக்கு எதற்கு' என்ற வார்த்தையை ஐம்பத்தைந்து வயதினர் சொல்லக் கேட்கும்போது எமக்கு நகைப்பே வருகிறது.

இனி, தந்தையாரின் வாதத்துக்கு வருவோம். உணவகத்திற் பாத்திரம் கழுவுவதும், விடுதிகளிற் படுக்கை விரிப்பதும், தொழிற்சாலையிற் பெட்டி அடுக்குவதும் உடலுழைப்பே, மறுப்பதற்கில்லை. ஆனால் உடலுழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. டென்மார்க்கில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுநேரத்தில் உடலை இயக்கியோருக்கு இருதய நோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் உடலை வருத்தியோருக்கு அவை கூடியிருந்தன. காரணம் பற்றி ஆய்வாளர் இன்னும் வாதிடுகின்றனர். எனினும் வேலைத்தலத்துப் பெட்டி பத்து ஆண்டுகளாக அதே நிறையுடையது. உடல் அதற்குப் பழகிவிட்டது. வளர வேண்டிய தேவை தசைக்கு இல்லை. இளைப்பாற நேரமுமில்லை. வேலைக்குத் தேவைப்படாத தசைகளோ ஒருநாளும் எழுப்பப்படுவதில்லை.

சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதே பயிற்சியின் உயிர்நாடி. இம்முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த வரலாறு எம்மவர் அறிய வேண்டியதொன்று, ஏனெனில் அது போரிற் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் சிக்காகோ நகரின் இராணுவ வைத்தியசாலையொன்றில் முழங்காலும் தொடையும் சிதைந்த வீரர்கள் மாதக்கணக்கிற் கிடந்தனர். இலேசான அசைவுகளைப் பலமுறை செய்விப்பதே அன்றைய வழக்கம். தோமஸ் டிலோர்ம் என்னும் இளம் வைத்தியர், தாமே பாரந்தூக்கிப் பழகியவர், அவ்வழக்கத்தை மாற்றினார். காலில் இரும்புக் காலணியைக் கட்டி, பத்து முறை மட்டுமே தூக்க இயலும் அளவுக்குப் பாரத்தை ஏற்றி, வலிமை வளர வளரப் பாரத்தையும் கூட்டினார். 1945இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். தொடக்கத்திற் பல சுற்றுகளாக இருந்ததை 1948இல் மூன்று சுற்றாகக் குறைத்தார். இன்றும் உலகெங்குமுள்ள உடற்பயிற்சிக்கூடங்களில் 'மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து' என்று பையன்கள் எண்ணுவது அந்தக் காயப்பட்ட வீரர்களின் கட்டிலருகே தொடங்கிய எண்ணிக்கையாகும். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்ததை அன்பர்கள் அறிவர். கல் ஒன்றே, தூக்கினால் வீரன், இல்லையேல் இல்லை. டிலோர்ம் கண்டது அதைவிட இரக்கமுள்ள முறை: இன்று தூக்க முடிந்ததிலிருந்து நாளை சிறிது கூட்டலாம்.

கட்டணங்கட்டி உடற்பயிற்சிக்கூடத்தில் சேர இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இலேசான பாரத்தை இனித் தூக்க முடியாது என்னும் நிலைவரை தூக்கியோரும், கடும் பாரத்தைச் சில தடவை தூக்கியோரும் தசை வளர்ச்சியில் வேறுபடவில்லை. பாரம் எதுவென்பதைவிடத் தசை களைத்ததா என்பதே கேள்வி. எம்மவர் வீட்டில் இதற்கென்றே ஒரு பொருள் இருக்கிறது: அரிசிப் பை. ஐந்து கிலோப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கதிரையில் மெல்ல அமர்ந்து, கையூன்றாமல் எழுக. எட்டுத் தடவை இயலுமாயின் அதுவே தொடக்கம். பையின்றியே எழ இயலாதவர் பையின்றியே தொடங்கலாம். பன்னிரண்டு தடவை எளிதாகும் நாளிற் பத்துக் கிலோப் பைக்கு மாறலாம். சுவரிற் கையூன்றித் தள்ளுதல், அது எளிதானபின் மேசை விளிம்பில், அதன்பின் தரையில். நீர் நிரப்பிய போத்தல்களைத் தலைக்குமேல் உயர்த்துதல். இரப்பர் பட்டியைக் கதவுப்பிடியிற் கட்டி நெஞ்சை நோக்கி இழுத்தல். நிலத்திலுள்ள பையை முழங்காலும் இடுப்பும் மடித்து உடலோடு ஒட்டியவாறு தூக்கி வைத்தல். இவ்வைந்தும் உடலின் பெருந்தசைகள் அனைத்தையும் தொட்டுவிடும். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் ஒன்றிரண்டு தடவைதான் இயலும் என்னுமிடத்தில் நிறுத்துக. முழுவதும் முக்கால் மணிநேரம். ஒரு நாள் விட்டு ஒரு நாளேனும் இடைவெளி வேண்டும், தசை கட்டப்படுவது ஓய்விலேயே. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வாரத்துக்கு இரண்டு நாட்களேனும் தசைப்பயிற்சி வேண்டுமென்று வளர்ந்தோர் அனைவருக்கும் பரிந்துரைத்திருக்கிறது. பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் திகதி, பாரம், எண்ணிக்கை மூன்றையும் குறித்துவருவது நன்று. ஆசிரியத் தொழிலின் பழக்கம் என்று எண்ணினும் சரி, குறிக்காதவர் கூட்டுவதில்லை.

உணவு பற்றி. நிறையைப் பேணும் அளவு எதுவென்று அறியக் கலோரி அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இரண்டு வாரங்கள் வழக்கம்போல் உண்டு, காலையில் மலசலம் கழித்தபின் நிறையைக் குறித்து, வாரத்தின் சராசரியைக் காண்க. இரு வாரச் சராசரியும் ஒன்றாயின், இப்போது உண்பதே அந்த அளவு. உப்பும் நீரும் காரணமாக ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலும் ஏறி இறங்கும். தனிநாள் இலக்கத்துக்கு மதிப்பில்லை.

அளவு மாற வேண்டாம். ஆனால் தட்டில் உள்ளது மாற வேண்டும். காலையிற் பாணும் பட்டரும், மதியம் சோற்றுமலையின் உச்சியில் ஒரு துண்டு மீன், இரவு பிட்டும் சம்பலும் என்ற எமது வழமையான உணவில், எமது கணக்கின்படி, புரதம் 50 கிராமைத் தாண்டுவது அரிது. பாரந்தூக்குவோருக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை நன்று. அதற்குமேல் உண்பதாற் பெரும் பயனில்லையென்பதை 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. 65 கிலோ நிறையுடையவருக்கு அது 80 முதல் 100 கிராம். ஒரு கோப்பை சோற்றில் ஏறத்தாழ 200 கிலோ கலோரியும் 4 கிராம் புரதமும் உண்டு. அதே 200 கலோரிக்குத் தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சி 120 கிராம் உண்டால் 35 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அவ்விடத்தில் இதை வைத்தாற் கணக்குச் சரி. முட்டை ஒன்றில் 6 கிராம். நீரில் அடைத்த சூரைமீன் 100 கிராமில் சுமார் 25 கிராம். உலர்ந்த சோயாமீற் 50 கிராமிலும் 25 கிராம். சைவ உணவினருக்கு சோயாமீற், தயிர், கடலை, பருப்பு ஆகியன போதும். விரத நாளிற்கூடத் தயிருக்குத் தடையில்லாத வீடுகள் பல. தேங்காய்க்கு நாம் பகைவரல்லர். ஆயினும் ஒரு முழுத் தேங்காயின் பூவில் சுமார் 1,400 கலோரி இருக்கிறதென்பதையும், இரண்டு கரண்டிச் சீனியிட்ட தேநீர் ஐந்து குடித்தால் 160 கலோரி சேருமென்பதையும் அறிந்து வைத்திருத்தல் நல்லது. புரதத்துக்கு இடம் தேடுவோர் முதலில் அங்கே தேடலாம். மகனின் பேணி மாவைப் பற்றிக் கேட்பீர்கள். அது நஞ்சன்று, பாலிலிருந்து பிரித்த புரதமே பெரும்பாலும். ஆனால் அந்த விலைக்கு வீடு முழுவதுக்கும் முட்டை வாங்கலாம்.

பேருந்து ஓட்டும் அன்பரொருவர், வயது 54, இம்முறையை ஐந்து மாதம் கைக்கொண்டார். தொடக்கத்தில் 74 கிலோ. ஐந்தாம் மாதம் 73.5. "அஞ்சு மாசமா அரிசி மூட்டையோட மல்லுக்கட்டுறியள், ஒரு கிலோகூடக் குறையேல்லையே அப்பா" என்று துணைவியார் கேலி செய்ய, அவரும் மனஞ்சோர்ந்து விட்டுவிட எண்ணினார். தையல் நாடாவால் இடுப்பை அளந்து பார்க்குமாறு கூறினோம். தொடக்கத்தில் வைத்தியர் குறித்த 98 சென்ரிமீற்றர், 92 ஆகியிருந்தது. இடுப்புப்பட்டியில் இரண்டு புதுத் துளைகள் இட்டிருந்ததை அவர் சொல்லவேயில்லை. பட்டி நெகிழ்ந்துவிட்டதென்று எண்ணினாராம்! தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடுகள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கி அளப்பதால் யாரை ஏமாற்றுவது? மாதம் ஒருமுறை போதும். மூன்று மாதத்துக்கு முன் பெரிதாக எதையும் எதிர்பாராதீர்கள்.

கட்டிய வலிமை விரைவிற் கரைந்துவிடுமோ என்று அஞ்சுவோருக்கு ஒரு சேதி. கொப்பன்ஹேகனில் ஓய்வுபெறும் வயதினர் சுமார் 450 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், ஓராண்டு கடும்பாரம் தூக்கியோரின் கால் வலிமை, பயிற்சி முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னும் பழைய அளவிலேயே நின்றது. பயிற்சி பெறாதோருக்கு அது இறங்கியிருந்தது. 2024இல் வெளியான முடிவு இது. பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, பிள்ளைகள் வேலைக்கு விடுப்பெடுத்துக் காத்திருக்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

எல்லோருக்கும் இது பொருந்துமென்று நாம் சொல்லவில்லை. மிகுந்த பருமன் உடையோர் வைத்தியரின் சொற்படி உணவைச் சிறிது குறைக்கத்தான் வேண்டும். ஆனால் பாரந்தூக்கிக்கொண்டே குறைக்கட்டும், தசை காக்கப்படும். மெலிந்து வாடிய முதியவர் கூட்டி உண்ண வேண்டும். ஆண்டுக்கணக்கிற் பயின்று ஒட்டிய வயிற்றோடு நிற்கும் இளைஞருக்கு இவ்வழியிற் கிடைப்பது சொற்பமே. அவர் சற்றுக் கூட்டி உண்பதில் நியாயமுண்டு. சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமற் புரதத்தைக் கூட்டலாகாது. இருதய நோயாளரும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதோரும், கண்ணின் பின்திரையில் நீரிழிவுப் பாதிப்பு உள்ளோரும் முதலில் அனுமதி பெறுக. தூக்கும்போது மூச்சை அடக்காது வெளிவிடுக. போர்க்காயமும் உடலிற் தங்கிய எறிகணைத் துண்டும் உடையோர் இயன்மருத்துவரிடம் காட்டியபின் தொடங்குவதே முறை. தாமாக வெட்கப்பட்டு மறைப்பவர் பலர், மறைக்க வேண்டாம். இன்சுலின் ஏற்றுவோருக்கும் சில வகை நீரிழிவு மாத்திரை உட்கொள்வோருக்கும் பயிற்சியின்போதும், சில வேளைகளில் அன்றிரவிலும் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்; பயிற்சி நாளிற் சட்டைப்பையில் நாலு குளுக்கோசுக் குளிசை இருக்கட்டும்.